ஈர மணலில் பிறந்த பந்தயம்

கரைவலை இழுக்க வரும் ட்ரெக்டர் உடப்பிலோ கற்பிட்டியிலோ கரையோரமாக ஓடுவதைக் கவனித்துப் பாருங்கள். அலை நனைத்துவிட்டுப் போன பட்டையை விட்டுச் சாரதி விலகமாட்டார். அங்கிருந்து சற்று மேலே, காய்ந்த மணலுக்கு ஏறினால் பின்சக்கரம் குழி பறிக்கத் தொடங்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஈர மணலில் மணிகளுக்கு இடையே மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. அந்தப் படலத்தின் இழுவிசை மணிகளை ஒன்றோடொன்று இறுகப் பிடித்துக்கொள்கிறது. நீர் வற்றினால் பிடி விட்டுப்போகும், நீர் நிரம்பி வழிந்தாலும் விட்டுப்போகும். ஈரம் அளவாக இருந்தால் மட்டும் கடற்கரை தார் வீதி போல வண்டியைத் தாங்கும்.

அமெரிக்காவில் பல இலட்சம் பேர் பார்க்கும் ஸ்டொக் கார் பந்தயம் இப்படியொரு ஈர மணலில்தான் தொடங்கியது. இடம், புளோரிடா மாநிலத்தின் டேடோனா கடற்கரை. நம் மேற்குக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் இறுகிய பட்டை ஒடுங்கியே கிடக்கிறது. டேடோனாவில் நுண்மணல், சரிவு மிகக் குறைந்த அகன்ற கரை. வற்று நேரத்தில் பல கார்கள் பக்கம் பக்கமாக ஓடும் அளவுக்கு இறுகிய நிலம் வெளிப்படும். 1903 முதல் அங்கே வேகப் போட்டிகள் நடந்தன. 1935 மார்ச்சில் ஆங்கிலேயரான மல்கம் கெம்பல் மணிக்கு 445 கிலோமீற்றர் வேகத்தை அந்த மணலில் தொட்டார். அதற்கு மேல் போக மணல் இடம் கொடுக்கவில்லை. அதே ஆண்டு அவர் யூட்டா மாநிலத்தின் பொன்வில் உப்புவெளிக்குப் போனார். உப்பு படிந்து கல்லாக இறுகிய, காய்ந்துபோன ஏரி அது. உப்பளங்களுக்கு நடுவே வாழும் புத்தளத்தாருக்கு அந்த நிலத்தைக் கற்பனை செய்வது கடினமில்லை. அங்கே அவர் 480 கிலோமீற்றரைத் தாண்டினார். சாதனை தேடிய மற்றவர்களும் பின்னாலேயே போய்விட, டேடோனாவுக்குக் கூட்டம் வருவது நின்றது.

நகரசபை அதை ஈடுகட்ட முயன்றது. 1936 மார்ச் 8 அன்று ஒரு பந்தயம் ஏற்பாடானது. கடையில் யாரும் காசு கொடுத்து வாங்கக்கூடிய குடும்பக் கார்கள் மட்டுமே அதில் ஓடலாம். ஸ்டொக் கார் என்றால் அவ்வளவுதான்: கம்பனி விற்கும் கார், விற்றபடியே. பாதையின் நீளம் ஏறத்தாழ 5 கிலோமீற்றர். போவது கடலோர வீதியில், திரும்பி வருவது மணலில், இரு முனையிலும் மணல் வளைவு. நேர்ப்பாதையில் எல்லாம் ஒழுங்காகவே போனது. வளைவுகளில் மணல் சுற்றுக்குச் சுற்று உழப்பட்டுத் தளர்ந்தது. கார்கள் புதைந்தன, புதைந்தவை பின்னால் வந்தவற்றை மறித்தன. 78 சுற்றுகள் ஓடவேண்டியதை 75 உடன் நிறுத்தினார்கள். மில்ட் மேரியன் என்பவர் ஃபோர்ட் வி-8 காரில் வென்றார். நகரசபைக்கு 22,000 டொலர் நட்டம். ஐந்தாவதாக வந்தவர் பில் பிரான்ஸ், சில காலத்துக்கு முன் வொஷிங்டனிலிருந்து குடும்பத்தோடு வந்து குடியேறிய கார் மெக்கானிக். நகரசபை கைகழுவிய பந்தயத்தைப் பிறகு அவர் கையில் எடுத்தார்.

அதே காலத்தில் தென் மாநிலங்களின் அப்பலாச்சியன் மலையடிவாரங்களில் வேறொரு கூட்டம் கார்களை முறுக்கிக்கொண்டிருந்தது. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. அது நீங்கிய பிறகும் வரி கட்டாத சாராயத்துக்குச் சந்தை இருந்தது. நாம் கசிப்பு என்கிற அதே சரக்குத்தான். மலையில் காய்ச்சியதை இரவோடிரவாக நகரத்துக்குக் கொண்டு சேர்க்கக் கார் வேண்டும். வெளியே பார்த்தால் சாதாரண ஃபோர்டாக இருக்கவேண்டும், பொலிஸ் துரத்தினால் பறக்கவும் வேண்டும். எஞ்சினைக் கூட்டிச் செய்தார்கள். சரக்கின் பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்து காட்டிக்கொடுக்காமலிருக்க, பின் ஸ்பிரிங்கைத் தடிப்பாக்கினார்கள். யாருடைய கார் வேகம் என்ற பேச்சு வளர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வயல்வெளிகளில் ஓட்டிப் பார்த்தார்கள். பார்க்க ஊரே கூடியது.

இதை வீரக்கதையாகச் சொல்வது அங்கே வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. காய்ச்சியவர்களும் ஓட்டியவர்களும் பெரும்பாலும் ஏழை மலை விவசாயிகள். ஆண்டுக்கணக்கில் சிறையிலிருந்தவர்களும் அவர்களே. இந்தப் பந்தயத்தின் பெரும் சாரதிகளில் ஒருவரான ஜூனியர் ஜொன்சனின் வாழ்க்கை அப்படிப்பட்டது. 50 பந்தயங்களை வென்ற அவர், 1956 இல் தந்தையின் வடிசாலையில் பிடிபட்டு மாதக்கணக்கில் சிறையில் இருந்தார். 1986 இல் ஜனாதிபதி ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பந்தயங்கள் பெருகின, குழப்பமும் பெருகியது. ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு விதி. பரிசுப் பணத்தோடு தலைமறைவான ஏற்பாட்டாளர்கள் உண்டு. 1947 டிசம்பர் 14 அன்று பில் பிரான்ஸ் டேடோனாவின் ஸ்ட்ரீம்லைன் ஹோட்டலில் ஏற்பாட்டாளர்களையும் சாரதிகளையும் மெக்கானிக்குகளையும் கூட்டினார். 1948 பெப்ரவரியில் நாஸ்கார் என்ற சங்கம் பதிவானது. ஒரே விதிப்புத்தகம், புள்ளிக் கணக்கு, பரிசுக்கு உத்தரவாதம் என்று எல்லாம் அதற்குப் பிறகுதான் ஒழுங்குக்கு வந்தன. பெயர்தான் சங்கம். உரிமை பிரான்ஸ் குடும்பத்தின் கையிலேயே தங்கியது.

விதிப்புத்தகத்துக்கு முதல் சோதனை 1949 ஜூன் 19 அன்று வட கரோலினாவின் சார்லட் நகரில் வந்தது. கம்பனி விற்றபடியே உள்ள கார்கள் மட்டும் என்ற வகுப்பின் முதல் பந்தயம் அது. புழுதிப் பாதையில் 200 சுற்றுகள். சாரா கிறிஸ்டியன் என்ற பெண்ணும் ஓட்டினார். கிளென் டனவே இன்னொருவருக்குச் சொந்தமான 1947 ஃபோர்டில் முதலாவதாக வந்தார். பந்தயம் முடிந்து காரைச் சோதித்த அதிகாரி அதன் பின் ஸ்பிரிங்கைப் பார்த்தார். கசிப்புக்காரர் செய்யும் அதே வேலை அதில் செய்யப்பட்டிருந்தது. டனவேயின் வெற்றி பறிக்கப்பட்டு, லிங்கன் காரில் இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பருக்குப் பரிசு போனது. ஃபோர்டின் உரிமையாளர் வழக்குப் போட்டார், தோற்றார். இந்தப் பந்தயம் நிலைத்ததற்கு அன்றைய தீர்ப்பு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ஓடுவது என் வீட்டில் நிற்கும் அதே கார் என்று பார்ப்பவன் நம்பவேண்டும். நம்பிக்கை போனால் கூட்டமும் போய்விடும்.

கார் கம்பனிகளுக்கு இது நன்றாக விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை வென்ற மொடலைத் திங்கட்கிழமை கடையில் கேட்டு வந்தார்கள். ஃபோர்ட் குடும்பம், ஷெவர்லே குடும்பம் என்று வீடுகள் பிரிந்து நின்றன.

மணலில் நடந்த கடைசிப் பந்தயம் 1958 இல். கடற்கரையில் வீடுகளும் ஹோட்டல்களும் பெருகிவிட்டதால் பில் பிரான்ஸ் ஊருக்குள் 4 கிலோமீற்றர் சுற்றளவுள்ள தளம் ஒன்றைக் கட்டினார். அதன் வளைவுகள் 31 பாகை சாய்ந்தவை, நடந்து ஏறவே கால் வழுக்கும். வேகமாகத் திரும்பும் கார் வெளிப்பக்கமாக ஓடப் பார்க்கும். சமதரையில் டயரின் உராய்வு மட்டுமே அதை உள்ளே பிடித்துவைக்கிறது. தரை சாய்ந்திருந்தால் தரையே காரை உள்நோக்கித் தள்ளும். அதனால் வேகத்தைக் குறைக்காமல் வளைவை எடுக்கலாம். 1959 பெப்ரவரி 22 அன்று நடந்த முதல் டேடோனா 500 பந்தயத்தில் இரண்டு கார்கள் ஒன்றாகக் கோட்டைக் கடந்தன. படங்களை ஆராய்ந்து லீ பெட்டிதான் வென்றார் என்று அறிவிக்க மூன்று நாள் ஆனது. அவருடைய மகன் ரிச்சர்ட் பெட்டி பின்னாளில் 200 பந்தயங்களை வென்றார். அதை இன்றுவரை யாரும் நெருங்கவில்லை.

டேடோனாவின் நீண்ட தளம் இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. 1960 இல் ஜூனியர் ஜொன்சனின் கார் மற்றவர்களுடையதைவிட மெதுவானது. முன்னால் போகும் வேகமான காரின் பின்புறத்தை ஒட்டிக்கொண்டு ஓடினால், தன் காரும் அதே வேகத்தில் போவதை அவர் பயிற்சியில் கவனித்தார். முன் கார் காற்றைக் கிழித்துச் செல்ல, அதன் பின்னால் காற்றுத் தடை குறைகிறது. ஒட்டி ஓடும் இரண்டு கார்கள் தனியாக ஓடும் ஒரு காரைவிட வேகமாகப் போகும். அந்த உத்தியோடு அவர் அந்த ஆண்டு டேடோனா 500 ஐ வென்றார். இன்றும் நாற்பது கார்கள் ஒரே கொத்தாக, கையெட்டும் இடைவெளியில் 300 கிலோமீற்றர் வேகத்தில் சுற்றுவது இதனால்தான். ஒருவர் பிழைவிட்டால் இருபது கார்கள் நொறுங்குவதும் இதனால்தான்.

வெண்டல் ஸ்கொட்டை விட்டுவிட்டு இந்த வரலாற்றைச் சொல்லக்கூடாது. வேர்ஜீனியாவைச் சேர்ந்த கறுப்பினத்தவர். அவரும் கசிப்புக் கார் ஓட்டியவர், தன் காரைத் தானே திருத்திக்கொண்டவர். 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில்லில் முதலாவதாக வந்தவர் அவரே. வெற்றிக் கொடி வேறொருவருக்குக் காட்டப்பட்டது, கிண்ணமும் அவருக்கே கொடுக்கப்பட்டது. கூட்டம் கலைந்து சில மணி நேரம் கழித்துத்தான் ஸ்கொட் வென்றதாக அறிவித்தார்கள். அந்த வெற்றிக்கான கிண்ணம் அவருடைய குடும்பத்தின் கைக்கு வந்தது 2021 இல். அவர் இறந்து அப்போது முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்க நின்ற தென் மாநிலக் கூட்டமைப்பின் கொடி பந்தயத் தளங்களில் பறப்பதை நாஸ்கார் தடை செய்தது 2020 இல்தான். எல்லாருடைய பந்தயம் என்று சொல்லிக்கொண்ட ஒன்றின் கதவு எத்தனை காலம் பூட்டிக் கிடந்தது!

தென் மாநிலங்களுக்குள் அடங்கியிருந்த இந்த ஆர்வத்தை நாடு முழுவதும் கொண்டுசென்றது தொலைக்காட்சி. 1979 பெப்ரவரி 18 அன்று டேடோனா 500 முதன்முறையாகத் தொடக்கம் முதல் முடிவு வரை நேரலையாக ஒளிபரப்பானது. கிழக்கு மாநிலங்களில் கடும் பனி, மக்கள் வீட்டுக்குள் முடங்கியிருந்தார்கள். கடைசிச் சுற்றில் முன்னணியில் இருந்த இருவரும் மோதிக்கொண்டு வெளியேற, ரிச்சர்ட் பெட்டி வென்றார். மோதலுக்குப் பின் சாரதிகள் புல்தரையில் கைகலந்ததையும் கமெரா காட்டியது. விளையாட்டுக்கு அது பெருமையில்லை. ஆனாலும் அடுத்த வாரம் முதல் பார்ப்பவர் தொகை ஏறத்தொடங்கியது.

இன்று ஓடும் கார்களில் கடையில் வாங்கும் காரின் பாகம் எதுவுமே இல்லை என்று சொல்லலாம். உள்ளே இரும்புக் குழாய்க் கூடு, 5.8 லீற்றர் வி-8 எஞ்சின், மேலே கம்ரி அல்லது மஸ்டாங் போலத் தோன்றும் கூடு. டொயோட்டா 2007 இல் முதன்மைத் தொடருக்குள் வந்தபோது பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். 2016 இல் டெனி ஹேம்லின் கம்ரியில் டேடோனா 500 ஐ வென்றார். வித்தியாசம் ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கு.

நாஸ்காரில் ஓடிய முதல் இந்தியர் ஒரு தமிழர். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005 இல் ஃபோர்மியுலா வன்னுக்குப் போன முதல் இந்தியர் என்பது பலருக்குத் தெரியும். 2010 இல் அவர் நாஸ்காரின் ட்ரக் தொடரில் மார்ட்டின்ஸ்வில் தளத்தில் இறங்கி, முதல் பந்தயத்திலேயே 13 ஆவதாக வந்தார். ஒரு சில பந்தயங்களே ஓடினார். அந்த ஆண்டு ட்ரக் தொடரின் மிக விருப்பத்துக்குரிய சாரதி யார் என்று ரசிகர்களிடம் வாக்குக் கேட்டபோது வென்றவர் அவர்தான். உலகெங்கும் உள்ள இந்தியர்கள் இணையத்தில் வாக்கைக் குவித்திருந்தார்கள்.

நம் பக்கம் வருவோம். இலங்கையில் மோட்டார் பந்தயம் புதிதல்ல. நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934 இல் தொடங்கியது, டேடோனாவின் முதல் ஸ்டொக் கார் பந்தயத்துக்கும் முந்தியது. தேயிலைத் துரைமார் தொடக்கிவைத்ததை உள்ளூர்க்காரர் ஏற்று நடத்துகிறார்கள். சமவெளியில் பந்தயத்துக்கு இடம் கொடுத்தவை போர்க்கால விமான ஓடுபாதைகள். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை புத்தளத்தில், பாலாவிப் பக்கம் ஒரு விமானத் தளம் வைத்திருந்தது. யானை கட்டி விமானம் இழுத்த படங்கள் இன்னும் கிடைக்கின்றன. களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தவில் இன்னொரு தளம். பாலாவி ஓடுபாதை விமானப்படையிடம் போனது. கட்டுக்குருந்தவில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. சென்னைக்கு வடக்கே சோழவரமும் அப்படிப்பட்ட போர்க்கால ஓடுபாதைதான். ஃபியட்டும் ஹெரால்டும் உருமாறி ஓடிய அந்தப் பந்தயங்களுக்கு இலங்கைச் சாரதிகளும் போய் ஓட்டியிருக்கிறார்கள். 1990 இல் இருங்காட்டுக்கோட்டைத் தளம் வந்த பிறகு அந்தக் கூட்டம் அங்கே இடம் மாறியது.

அமெரிக்காவின் பழைய புழுதிப் பந்தயத்துக்கு நம்மிடம் மிக நெருக்கமானது சுப்பர்குரொஸ். இராணுவ முகாம்களின் திறந்த வெளியில், கிரவல் பாதையில் நடக்கிறது. தியத்தலாவையின் பொக்ஸ் ஹில் 1993 இல் தொடங்கியது. புத்தளத்தார் அனுராதபுரம் வீதியில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடியது சாலியபுரவில் நடக்கும் கஜபா சுப்பர்குரொஸ். ஓடும் வகுப்புகளின் பெயரைக் கேட்டாலே கூட்டம் ஏன் சேருகிறது என்று விளங்கும்: மினி, நிசான் மார்ச், 1300 சிசி ஃபோர்ட் லேசர் - மஸ்டா. நம் கராஜ்களில் தினமும் பொனட் திறந்து நிற்கும் கார்கள் இவை. 2020 முதல் ஐந்து ஆண்டுகள் வாகன இறக்குமதி முடங்கிக் கிடந்தபோது, பழைய காரைப் பிரித்துக் கோர்த்து ஓடவைக்கும் மெக்கானிக்கின் கைக்கு மதிப்பு இன்னும் கூடியது. முப்பது வருடப் பழைய லேசர் ஒன்று மேட்டில் பறந்து இறங்கி ஓடுவதைப் பார்க்கும்போது, அதைச் செய்த கையைத்தான் கூட்டத்தினர் கைதட்டிப் பாராட்டுகிறார்கள்.

இந்த நெருக்கம்தான் ஆபத்தும். 2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. சில ஆண்டு இடைவெளிக்குப் பின் பொக்ஸ் ஹில் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. ஒரு கார் பாதையில் புரண்டது. வேகத்தைக் குறைக்கும்படி அதிகாரிகள் மஞ்சள் சைகை காட்டினார்கள். வேறொரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் நின்ற இடத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குக் குடும்பமாகப் போனவர்கள் நின்ற இடம் அது.

இது தெரியாமல் நேர்ந்துவிட்டது என்று சொல்ல வழியில்லை. பார்வையாளர் பகுதிக்குள் கார் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதை 1955 இல் பிரான்ஸ் நாட்டின் லெ மான் பந்தயம் உலகத்துக்குக் காட்டிவிட்டது. அங்கே எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1987 இல் அலபாமாவின் தலடேகா தளத்தில் ஒரு கார் காற்றில் எழும்பிப் பார்வையாளர் வேலியைக் கிழித்தது. எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குறைக்கும் தகடு பொருத்தி, பெரிய தளங்களில் வேகத்தையே நாஸ்கார் குறைத்தது. 2001 இல் டேல் ஏர்ன்ஹார்ட் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி இறந்தார். அதன்பின் சாரதியின் கழுத்தைத் தாங்கும் கருவி கட்டாயமானது, மோதலின் விசையை வாங்கிக்கொள்ளும் இரும்பு - நுரைத் தடுப்புகள் கொங்கிரீட் சுவர்களுக்கு முன்னால் வந்தன. முதன்மைத் தொடரின் பந்தயத்தில் அதற்குப் பிறகு ஒரு சாரதியும் இறக்கவில்லை. கோடிக்கணக்கில் செலவழிக்க நம்மால் முடியாது என்பது உண்மை. ஆனால் கூட்டத்தைப் பாதையிலிருந்து தள்ளி நிறுத்த ஒரு மண்மேடும் இரட்டை வேலியும் போதும். இராணுவ முகாமில் இல்லாத மண்ணா, மண்வாரியா?

ஏற்பாட்டாளர் செய்யும்வரை, போகிறவர்கள் தாங்களே தெரிந்துவைத்துக்கொள்ளவேண்டியது சில உண்டு. பிடி இழந்த கார் திரும்பாது, போன திசையிலேயே நேராகப் போகும். அதனால் வளைவின் வெளிப்பக்கம்தான் மிக ஆபத்தான இடம். நேர்ப்பாதை முடியும் முனையும், பறந்து இறங்கும் மேட்டுக்கு அப்பாலுள்ள இடமும் அப்படியே. படம் எடுக்க எல்லாரும் முண்டியடிப்பது இந்த மூன்று இடங்களில்தான். வளைவின் உட்பக்கம் ஒப்பீட்டளவில் நல்லது என்றாலும், சுழலும் கார் உள்ளேயும் வரும். உயரமான திட்டு கிடைத்தால் அங்கே போங்கள், தூரமாக இருந்தாலும் பாதை முழுவதும் தெரியும். ஒற்றைக் கயிறு கட்டியிருந்தால் அதை வேலி என்று நம்பவேண்டாம். புழுதி எழுந்து கார் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், சாரதிக்கும் எதுவும் தெரியவில்லை என்று அர்த்தம்.

கொடிகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் பந்தயம் நிறுத்தம். மஞ்சள் ஆடியதும் புரண்ட காரைப் பார்க்கக் கூட்டம் முன்னால் ஓடுவது நம் வழக்கம். பின்னால் வரும் கார்கள் இன்னும் நிற்கவில்லை. அந்த நேரத்தில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நகருங்கள்.